கண்தெரியாத தகப்பனும் எட்டு டொலரும்

அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வாரங்களேயான ஓர் இளைஞன், 1906ஆம் ஆண்டில், நியூயோர்க்கில் வெளிவந்த நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதுகிறான். ரஷ்யாவில் கண்தெரியாத தகப்பனையும் மாற்றாந்தாயையும் விட்டுவிட்டு வந்தவன். புறப்படும்போது தகப்பன் கேட்டது ஒன்றுதான்: என்னை மறந்துவிடாதே. உழைக்கிற முதற் காசை அனுப்புவேன் என்று மகன் வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு வாரம் வேலை தேடி அலைந்து, மூன்றாவது வாரக் கடைசியில் வேலை கிடைத்தது. ஒரு வாரச் சம்பளம் 8 டொலர். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கொடுத்து, ஒரு தொப்பியும் சப்பாத்தும் வாங்கியது போகச் சில டொலர்கள் கையில் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் வேலைத்தளத்தில் வேலை முடிந்துவிட்டது. நாளைக்கு வருமானம் இல்லாமற் போகலாம். பாஸ்காப் பெருநாள் வருகிறது. மிஞ்சிய காசைத் தகப்பனுக்கு அனுப்பவா, என்னிடமே வைத்துக்கொள்ளவா என்று அவன் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்கிறான்.

பத்திரிகை பதில் சொன்னது: அனுப்பு. நீ இளைஞன். ரஷ்யாவிலிருக்கும் கண்தெரியாத தகப்பனைவிடப் பிழைக்க வழி தேடிக்கொள்வது உனக்குச் சுலபம்.

இந்தக் கடிதத்தை வாசிக்கும் எம்மில் எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. கோப்பை கழுவி வந்த முதற் சம்பளத்தை மேசையில் வைத்து மூன்று பங்காகப் பிரித்துப் பார்த்தவர்கள் நாம். ஏஜென்சிக் கடனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, றூம் வாடகைக்கு ஒன்று என்று பிரித்து, எந்தப் பங்கைக் குறைப்பது என்று விடியும்வரை யோசித்தவர்கள். எம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு விடயம். இவ்வளவு அந்தரங்கமான ஒரு முடிவை, முன்பின் தெரியாத ஒருவரிடம், தன் பெயரையும் மறைத்துக்கொண்டு இவன் ஏன் கேட்டான்? தெரிந்தவர் ஒருவரும் அவனுக்கு இருக்கவில்லையா?

இந்தக் கேள்விக்கான பதில் ஒரு சமூகத்தின் இடப்பெயர்வு வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. அந்த வரலாற்றை, பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டுக் குசினிகளில் வேலை செய்யும் எம்போன்றவர்கள் எமக்காக ஒருமுறை திருப்பிப் பார்ப்பது பயன்தரும் என்று நினைக்கிறோம்.

*

தெரியாதவரிடம் பெயர் சொல்லாமல் யோசனை கேட்கும் வழக்கம் அச்சு ஊடகத்தில் 1691இலேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு மார்ச் மாதம் லண்டனில் ஜோன் டன்டன் என்ற புத்தக வியாபாரி ஒரு சிறு பத்திரிகையைத் தொடங்கினார். அது அதீனியன் மேர்க்குரி என்ற பெயரால் அறியப்படுகிறது. எவரும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம், பெயர் வேண்டியதில்லை, ஒரு கோப்பிக் கடையின் முகவரிக்குக் கடிதத்தை அனுப்பினாற் போதும் என்பது ஏற்பாடு. நகரத்துக்குள் ஒரு பென்னிக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால் சேவை 1680இல் அங்கு தொடங்கியிருந்தமை இதற்கு உதவியது. ஆன்மா எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, காதலித்தவளைக் கைவிடலாமா என்பதுவரை கேள்விகள் வந்தன. பெண்களும் கேட்கலாம் என்று பத்திரிகை வெளிப்படையாகவே அறிவித்தது.

இதில் பெயரை மறைத்தவர்கள் கேட்டவர்கள் மட்டுமல்லர். கற்றறிந்த பெரியோர் கழகம் ஒன்று பதிலளிப்பதாகப் பத்திரிகை சொல்லிக்கொண்டது. உண்மையில் அந்தக் கழகம் டன்டனும், கணிதம் தெரிந்த ரிச்சர்ட் சோல்ட் என்பவரும், சாமுவேல் வெஸ்லி என்ற இளம் மதகுருவும், இடையிடையே உதவிய ஓரிருவருந்தான். இந்தச் சாமுவேல் வெஸ்லியின் மகன்தான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் வேம்படியிலும் படித்தவர்கள் வெஸ்லியன் மிஷன் என்ற பெயரை மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பெயருக்குரிய குடும்பத்தின் தகப்பன் ஒருகாலத்தில் லண்டனில் அநாமதேயர்களின் காதல் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகை 1697இல் நின்றுபோயிற்று. அது விட்டுச்சென்ற வடிவம் நிற்கவில்லை.

ஆயினும் லண்டன்காரர்கள் தமது ஊரிலேயே இருந்துகொண்டு கேட்டவர்கள். அவர்களுக்கு அது பாதி ஆர்வம், பாதி பொழுதுபோக்கு. ஊரை இழந்தவர்கள் இதே வடிவத்தைக் கையிலெடுத்தபோது அதன் கனம் மாறியது.

*

1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதையடுத்து அங்கு யூதர்கள்மீது வன்செயல்கள் கட்டவிழ்த்துவிடப்பட்டன. 1903இல் கிஷினேவிலும், 1905இல் ஒடெசா முதலிய நகரங்களிலும் படுகொலைகள் நடந்தன. வறுமை மறுபுறம் துரத்தியது. 1881இற்கும், அமெரிக்கா கதவைப் பெரும்பாலும் மூடிய 1924இற்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 இலட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். அவர்களில் மிகப் பெருந்தொகையானோர் நியூயோர்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினர். இருட்டறைகளைக் கொண்ட அடுக்குமாடிகள், தையல் வேலைத்தளங்கள், வாடகையைச் சமாளிக்க ஒவ்வொரு குடும்பமும் குசினியில் படுக்க விட்ட ஒன்றிரண்டு அந்நிய ஆண்கள். புதிதாக வந்தவனை யிட்டிஷ் மொழியில் 'கிரீனர்' என்றார்கள், பச்சையன் என்று பொருள்.

இவர்கள் ஊரில் இருந்தபோது கேள்வி எழுந்தால் யாரிடம் போவது என்பது தீர்க்கப்பட்ட விடயம். ஊர் ரபி இருந்தார். வாங்கி வந்த கோழியின் வயிற்றுக்குள் ஊசி கிடந்தால் அதைச் சமைக்கலாமா என்பதுவரை அவரிடம் கேட்கலாம். ஹசிடிய மரபினர் தமது குருவிடம் குறையைச் சிறு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பர். அதில் கேட்பவரின் பெயரும் அவருடைய தாயின் பெயரும் கட்டாயம் இருக்கவேண்டும். யாருடைய பிள்ளை என்று தெரியாமல் அங்கே ஆலோசனை கிடையாது.

நாமும் அப்படி ஒரு ஏற்பாட்டுக்குள்ளிருந்துதான் வந்தோம். மாமா இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், சாத்திரியார் இருந்தார். ஒருவரிடமும் சொல்லமுடியாத விடயமென்றால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக்கி, விடயம் என்னவென்றே தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எம்மைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரின் கையில் முடிவை ஒப்படைப்பதில் ஓர் ஆறுதல் உண்டு என்பதை எமது பெரியவர்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

நியூயோர்க்கில் ரபி இல்லாமலில்லை. 1888இல் பழைமைவாதச் சபைகள் வில்னாவிலிருந்து ஜேக்கப் ஜோசப் என்ற பெரியவரைத் தலைமை ரபியாக அழைத்துவந்தன. அந்த முயற்சி தோற்றுப்போனது. அவர் 1902இல் நோயுற்று, வறியவராக இறந்தார். சனிக்கிழமை வேலைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லும் முதலாளியிடம் வேலை செய்பவனுக்குச் சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது என்ற பதிலால் என்ன பயன்? பழைய பதில்கள் பொய்யாகிவிடவில்லை. புதிய கேள்விகளை அவை எட்டவில்லை. ஒரே ஊரவர்கள் சேர்ந்து நடத்திய ஊர்ச் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை கடன் கொடுத்தன, நோயில் உதவின, இறந்தவரைப் புதைக்க நிலம் வாங்கி வைத்தன. ஆனால் அங்கே வாய் திறந்து கேட்கும் எதுவும் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடும். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் நின்றிருக்கும் எமக்கு அது நன்றாக விளங்கும்.

தெரிந்தவர்கள் தூரத்தில், அல்லது தெரிந்தவர்கள் என்பதாலேயே அவர்களிடம் சொல்லமுடியாது. இந்த இடைவெளியிலேதான் அந்நியர் ஒருவர் தேவைப்பட்டார்.

*

அந்த நாளிதழின் பெயர் ஃபோர்வெர்ட்ஸ். முன்னோக்கி என்று பொருள்படும். 1897இல் சோசலிஸ்டுகள் யிட்டிஷ் மொழியில் தொடங்கியது. 1903இலிருந்து அதைத் தொடர்ச்சியாக நடத்தி வளர்த்தவர் ஆபிரகாம் காஹான். 1860இல் வில்னாவுக்கு அருகே பிறந்து, ஆசிரியராகப் பயின்று, பொலிசார் தேடத் தொடங்கியதும் தப்பியோடி 1882இல் அமெரிக்காவில் கால் வைத்தவர். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இரவில் தன்னைப் போன்ற அகதிகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். பின்னர் ஆங்கிலத்தில் நாவல்களும் எழுதினார். பேச்சு யிட்டிஷில், தெருவில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களையும் விலக்காமல் எழுதவேண்டும் என்பது அவர் கட்டளை. மொழித் தூய்மைவாதிகள் அவரைத் திட்டினர். தொழிலாளர் வாசித்தனர்.

1906 ஜனவரியில், எந்தப் பகுதியிலும் சேர்க்கமுடியாத மூன்று கடிதங்களை உதவியாளர் காஹானின் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அரசியல் இல்லை, செய்தி இல்லை, தனிப்பட்ட துயரம் மட்டும். காஹான் அவற்றை ஜனவரி 20ஆம் திகதி 'அ பின்டல் பிரீஃப்', அதாவது 'ஒரு கட்டுக் கடிதங்கள்' என்ற தலைப்பில் வெளியிட்டார். அவற்றிலொன்று ஓர் ஏழைத் தாய் எழுதியது. மகனின் கடிகாரம் காணாமற் போய்விட்டது. அயல்வீட்டுக்காரியே எடுத்து அடகு வைத்திருக்கவேண்டும் என்று அவள் நினைக்கிறாள். பொலிசுக்குப் போகவில்லை. அடகுச் சீட்டை மட்டும் தபாலில் அனுப்பிவிடு, நாங்கள் முன்போலவே பழகலாம், உன்னை நான் அவமானப்படுத்தமாட்டேன் என்று பத்திரிகை வழியாக அயலவளிடம் கேட்கிறாள். திருட்டுக் கொடுத்தவள் திருடியவளின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற முயலும் இந்தக் கடிதத்திலிருந்துதான் அந்தப் பகுதி பிறந்தது.

அதன்பின் கடிதங்கள் குவிந்தன. எழுதத் தெரியாதவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து சொல்லி எழுதுவித்தனர். பெயருக்குப் பதிலாக 'துயரப்படுபவள்', 'உங்கள் வாசகன்' என்ற கையொப்பங்கள். முதல் ஆண்டுகளில் காஹானே பதில் எழுதினார். பின்னர் அந்த வேலை வேறு ஆசிரியர்களுக்குக் கைமாறியது. 1920களில் பத்திரிகை நாளொன்றுக்கு 2 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. 1912இல் கிழக்கு புரோட்வேயில் அது கட்டிய 10 மாடிக் கட்டிடத்தின் முகப்பில் மார்க்சும் எங்கெல்சும் செதுக்கப்பட்டிருந்தனர். அந்த மாடிகளை எழுப்பியதில் இந்தச் சிறிய கடிதங்களுக்கும் பங்குண்டு.

*

என்ன கேட்டார்கள்? கடிதங்களிற் சிலவற்றை அந்தப் பத்திரிகையில் பணிபுரிந்த ஐசாக் மெட்ஸ்கர் 1971இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். நாம் வாசித்தது அதைத்தான்.

ஒரு பெண் கேட்கிறாள்: மணமான பெண் வாரத்தில் இரண்டு மாலை பள்ளிக்கூடம் போகலாமா? பிள்ளைகளையும் வீட்டையும் கவனித்துவிட்டே போகிறாள். கணவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய மனச்சாட்சிக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். பத்திரிகை கணவனைக் கண்டித்து, அவள் போவதே சரி என்றது.

பதினேழு வயதுப் பெண்ணொருத்தி எழுதுகிறாள். ரஷ்யப் போலந்திலிருந்து குடும்பத்தோடு வந்து, நியூஜேர்சி மாநிலத்தின் வைன்லாண்டில் ஒரு வேலைத்தளத்தில் வேலை. அங்குள்ள மேற்பார்வையாளன் கைநீட்டுகிறான். வேலையை விட்டால் வீட்டில் சாப்பாடு இல்லை. இங்கே பத்திரிகை தயங்கவில்லை. அவன் செய்வதை ஊரறியச் சொல்லி அவனுக்குப் பாடம் படிப்பிக்கவேண்டும் என்றது. 1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தபோது அவர்களிற் பெரும்பாலோர் இவளையொத்த யூத, இத்தாலிய இளம் பெண்கள். அந்த வேலைத்தளங்களின் உள்ளே நடந்தவற்றைத் தீப்பிடிப்பதற்கு முன்பே பேசியவை இத்தகைய கையொப்பமில்லாத கடிதங்கள்.

ஒரு புரட்சிக்காரன் கேட்கிறான்: நானும் என் காதலியும் கடவுள் நம்பிக்கை அற்றவர்கள், அவளுடைய பெற்றோர் மதச்சடங்குடன்தான் கல்யாணம் என்கிறார்கள், என்ன செய்வது? சோசலிசப் பத்திரிகை என்ன சொல்லியிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போமோ அதை அது சொல்லவில்லை. வயதான பெற்றோரை நோகடிக்காமல் விட்டுக்கொடுப்பது சில வேளைகளில் நல்லது என்றது. கொள்கை பேசிக் குடும்பங்களை உடைத்துக்கொண்ட எம் தலைமுறைகளும் கேட்டிருக்கவேண்டிய பதில்.

இன்னொருவன் காதலிக்கும் பெண்ணுக்கு நாடியில் குழி. அப்படிப்பட்டவர்களின் முதல் துணை செத்துப்போகும் என்று சொல்கிறார்களாம். கட்டலாமா? பெண்ணின் நாடியிலுள்ள குழி பிரச்சினையில்லை, சிலருடைய மண்டைக்குள் ஏதோ கழன்றிருப்பதுதான் பிரச்சினை என்பதாகப் பதில் வந்தது. செவ்வாய்க் குற்றத்துக்காக மூன்று கண்டங்களில் மாப்பிள்ளை தேடும் எமது வீடுகளுக்கும் இந்தப் பதிலைப் படியெடுத்து அனுப்பலாம்.

கடிதமெழுதிய ஒருவருக்குக் கிடைத்தது ஒரு பதில். அதை வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்திருந்து எழுதத் துணியாத பெண்ணுக்கும், தனக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை என்பது தெரியவந்தது. இருட்டறைகளில் தனித்தனியாக வெட்கப்பட்டுக் கொண்டிருந்தவர்களை ஒரு சமூகமாகத் தன்னைப் பார்க்கவைத்த வேலையை அந்தப் பகுதி செய்தது என்பதே எமது கருத்து. பதில் சரியா பிழையா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

*

பெயரை மறைக்கும் உரிமைக்கு அந்தப் பத்திரிகை ஒரு எல்லை வைத்திருந்ததையும் சொல்லவேண்டும். குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிப்போகும் ஆண்கள் அன்று பெரும் பிரச்சினை. யூதச் சட்டப்படி கணவன் மணவிலக்குப் பத்திரம் கொடுக்காதவரை மனைவி மறுமணம் செய்யமுடியாது. 'அகுணா', கட்டுண்டவள், என்று அவளுக்குப் பெயர். அமெரிக்காவின் பரப்பும், பெயரை மாற்றிக்கொள்ளும் வசதியும் ஓடியவனுக்குத் துணை. ஃபோர்வெர்ட்ஸ் அத்தகைய ஆண்களின் படங்களைப் பெயரோடு 'காணாமற்போன கணவர்கள்' என்ற தலைப்பில் வரிசையாக வெளியிட்டது. 1911இல் தொடங்கப்பட்ட தேசியக் கைவிடல் செயலகம் இந்தத் தேடலில் பத்திரிகையுடன் சேர்ந்து இயங்கியது.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சித் தெருவோரத்தில் படங்களை ஏந்தியபடி அமர்ந்த தாய்மாரைக் கண்ட எமக்குப் படத்தோடு தேடுவது என்றால் வேறு அர்த்தம். அங்கே தேடப்படுபவர்கள் பிறரால் காணாமலாக்கப்பட்டவர்கள். நியூயோர்க்கில் தேடப்பட்டவர்கள் தாமாகவே மறைந்தவர்கள். ஒரே பத்திரிகை ஒரு பக்கத்தில் பெயரை மூடியது, மறுபக்கத்தில் பெயரைத் திறந்தது. பலவீனமானவர் பேசுவதற்காகப் பெயரை மறைக்கலாம், பொறுப்பிலிருந்து தப்புவதற்காக மறைக்கக்கூடாது என்ற நியாயம் இதற்குள் இருக்கிறது. ஆணாதிக்கம் மிகுந்த ஒரு சமூகத்தில், அந்தக் காலத்தில், இது சிறிய விடயமல்ல.

குறைகளும் இருந்தன. கடிதங்களை அலுவலகத்திலேயே புனைகிறார்கள் என்று அன்றே சிலர் சந்தேகித்தனர். வந்தவற்றைச் சுருக்கியும் திருத்தியுமே வெளியிட்டனர் என்பது உண்மை. அதைவிட முக்கியமானது, கேட்டவர்கள் ஆயிரம் பேர், பதிலளித்தவர் ஒருவர் என்பது. காஹான் தன் மக்களை அமெரிக்கர்களாக்க விரும்பினார். பிள்ளைகளுக்குக் கைக்குட்டை கொடுங்கள் என்று எழுதினார். 1909இல் பேஸ்போல் விளையாட்டைப் படம் போட்டு விளங்கப்படுத்தினார். அவருடைய பதில்களிலும் அந்த வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். வீட்டை விட்டுப் போகாதே, பொறுத்துப்போ என்று பெண்களுக்குச் சொன்ன பதில்களும் அந்தக் கட்டில் உண்டு. ஊர் ரபியின் கதிரை வெறுமையானதும் அதில் பத்திரிகை ஆசிரியர் ஏறி அமர்ந்துவிட்டார் என்று ஒருவர் குற்றஞ்சாட்டினால் நாம் முற்றாக மறுக்கமாட்டோம். ஆயினும் ரபி கேட்ட தாயின் பெயரை ஆசிரியர் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தத் தரம் என்று தெரியாமலேயே பதில் சொல்லவேண்டியிருந்தது. அதனால் அந்தப் பதில் எல்லோருக்குமானதாக இருக்கவேண்டிய கட்டாயமும் ஏற்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கடிதங்களின் முகம் மாறிற்று. வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் உறவினரைத் தேடி எழுதினர். பிறகு முதியோர் தனிமையைப் பற்றியும், வேற்றினத்தில் மணஞ்செய்யும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினர். யிட்டிஷ் வாசிப்பவர் தொகை குறைந்தது. காஹான் 1951இல் இறந்தார். நாளிதழ் 1983இல் வார இதழாகியது. 2019இல் அச்சுப் பதிப்பு நின்றது. 10 மாடிக் கட்டிடம் இன்று வசதிபடைத்தோரின் குடியிருப்பு.

*

எமது சமூகத்தில் கையொப்பமில்லாத கடிதத்துக்கு ஒரு பெயர் உண்டு: மொட்டைக் கடிதம். ஒரு கல்யாணத்தைக் குழப்ப, ஒருவரின் வேலையைப் பறிக்க, இன்னார் சொன்ன அகதிக் கதை பொய் என்று குடிவரவு அதிகாரிக்குக் காட்டிக்கொடுக்க எழுதப்படுவது. பெயரை மறைப்பதை நாம் ஓர் ஆயுதமாகவே பழகியிருக்கிறோம். கேடயமாகவும் ஒருகாலத்தில் பழகினோம். 1980களிலும் 90களிலும் ஐரோப்பாவில் வெளிவந்த சிறுபத்திரிகைகளைப் புரட்டினால் புனைபெயர்கள் நிறைந்திருக்கும். 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், அந்த மறைப்பு ஏன் தேவைப்பட்டது என்று எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நின்று எமது முன்னோடிகள் அரசியல் பேசினார்கள். அது பெரிய காரியம். ஆனால் கையிலுள்ள சில டொலரை அனுப்பவா வைத்திருக்கவா என்ற கேள்வியை அந்தப் புனைபெயர்களால்கூட மிகக் குறைவாகவே கேட்கமுடிந்தது. தமிழ்நாட்டு இதழ்களில், குமுதத்தின் 'அரசு பதில்கள்' போல, கேள்வி பதில் பகுதிகள் உண்டு. அங்கே கேட்பவரின் பெயர் அச்சில் வருவதே ஒரு மகிழ்ச்சி. அவை எமது கேள்விகளுக்கான இடமல்ல.

இத்தனைக்கும் அந்நியரிடம் சொந்தக் கதை சொல்வது எமக்குப் புதிதல்ல. அகதி விண்ணப்பம் செய்த ஒவ்வொருவரும் முன்பின் தெரியாத அதிகாரிக்கு, இன்னொரு அந்நியரின் மொழிபெயர்ப்பினூடாக, தாயின் பெயரிலிருந்து உடம்பிலுள்ள தழும்புவரை ஒப்புவித்திருக்கிறோம். அங்கே பெயர் கட்டாயம். முடிவை அவர் எடுப்பார், நாம் காத்திருப்போம். ஒருமுறை சொன்ன கதையில் ஒரு திகதி மாறினாலும் பொய்யர் ஆகிவிடுவோம். இந்த அனுபவம் எம்மில் பலரின் வாயை நிரந்தரமாகக் கட்டிவிட்டது. கேள்வி கேட்பவர் எப்போதும் எதிரில் இருப்பவர், பதில் சொல்லவேண்டியவர்கள் நாம் என்று பழகிவிட்டோம்.

குசினிகளில் பத்து மணித்தியாலம் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டுபவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்போம். ஆனாலும் கேட்கமாட்டோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை ஊருக்குச் சொல்லவா? இங்கே விரும்பும் பிள்ளை வேறு சாதி, வீட்டுக்கு எப்போது சொல்வது? தங்கையின் சீதனத்துக்காக இன்னும் எத்தனை வருடம்? விட்ட படிப்பை இந்த வயதில், இந்த மொழியில் தொடரலாமா? அம்மாவுக்குக் கடுமை என்று செய்தி வருகிறது. பயண ஆவணத்தில் இலங்கைக்குப் போகமுடியாது என்று அச்சிடப்பட்டிருக்கிறது. போனால் திரும்பமுடியாது, போகாவிட்டால் பார்க்கமுடியாது. இவற்றைத் தனியே தூக்கிச் சுமந்து, தனியே முடிவெடுத்து, முடிவு சரியோ பிழையோ அதனுடன் தனியே குடித்து உடைந்துபோனவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களின் இறுதிச் சடங்குக்குக் காசு சேர்ப்பதில் எமது சமூகம் ஒருபோதும் குறை வைப்பதில்லை.

நியூயோர்க் யூதர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியவை எவை என்று பெரிய பட்டியல் போடுகிறவர்கள் எம்மிடையே உண்டு. பணம், ஒற்றுமை, அரசியல் செல்வாக்கு என்று அது நீளும். எமக்கு அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவேண்டும் போலிருக்கிறது. செல்வாக்கு எதுவும் வருவதற்கு முன்பே, தையல் வேலைத்தளத்தில் கிழமைக்கு 8 டொலர் உழைத்த காலத்திலேயே, அவர்கள் தமது வெட்கங்களை அச்சில் போடப் பழகிக்கொண்டார்கள். மானம் போய்விடவில்லை. பெயர் மட்டுமே மறைந்திருந்தது, மனிதர்கள் வெளியே தெரிந்தார்கள்.

எமது சஞ்சிகைகளில் அப்படி ஒரு பக்கம் இருக்கலாம். காஹானைப் போல ஒரு வாத்தியார் அதற்குத் தேவையில்லை. கேள்வியைக் கையொப்பமில்லாமல் ஒரு இதழில் போட்டு, அடுத்த இதழில் வாசகர்கள் எழுதும் பதில்களைப் போடலாம். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் எல்லாவற்றையும் போடலாம். காட்டிக்கொடுக்கும் கடிதங்களுக்கு மட்டும் இடமில்லை என்று ஆசிரியர்கள் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். கவிதைக்கும் கட்டுரைக்கும் ஒதுக்குவதில் ஒரு பக்கம் குறைந்தால் இலக்கியம் நட்டப்பட்டுவிடாது. மொட்டைக் கடிதம் என்ற சொல்லுக்கு எமது மொழியில் இரண்டாவது அர்த்தம் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். எம்மில் ஒருவர் முதற் கடிதத்தை எழுதினால், பதில் எழுத எம்மில் பலர் இருப்போம் என்றே நம்புகிறோம்.